சாமியாடி வாயில் காரை எடுத்தது

என் மருமகள் என் வாய்க்குள் கையை விட்டாள் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் முதலில் "அடிச்சுட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். அடிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, முறைப்படிதான் விட்டாள். அவளுக்கு அதுதான் வேலை. புதுக்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பல்லைச் சுத்தம் செய்கிறாள். அந்த வேலைக்கு டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று ஒரு பெயர் உண்டு. படித்து வாங்கிய பெயர். எனக்கு அது நாக்கில் படிவதற்குள் ஒரு போகம் நெல்லே விளைந்துவிட்டது. என் வீட்டுக்காரி இன்றுவரை "பல்லு வேல" என்பதோடு சரி.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கருப்பருக்கு நான் சாமியாடி. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். கருப்பர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வைகாசித் திருவிழாவில் என் மேல் இறங்குவார், ஆடுவார், நாலு பேருக்கு வாக்குச் சொல்வார், சுருட்டுக் கேட்பார், போய்விடுவார். நிஜமாகவே இறங்குகிறாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. சில வருடம் முழுசாக வருவார். சில வருடம் பாதி அவர், பாதி நான். மழை பெய்யாத வருடத்தில் முழுக்க நான்தான். ஊரிடம் திட்டு வாங்க அவர் எதற்கு வருகிறார்?

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமியாடிக்கு முன்பல் இருக்க வேண்டும். பல் போனால் வாக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் செய்வினை வைக்கிற மந்திரவாதி பிடிபட்டால் அவன் முன்பல்லைத் தட்டிவிடுவார்களாம். பல் போனால் சொல் சிதறும், சொல் சிதறினால் மந்திரம் பலிக்காது. மந்திரவாதிக்குப் போட்ட சட்டம் சாமியாடிக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் "அப்புடித்தான்" என்பார்கள். எனக்கு முன்னால் ஆடியவர் என் பெரியப்பா. ஒரு கெடாவெட்டில் நல்லி எலும்பைக் கடித்தார். இரண்டு முன்பல் இலையில் விழுந்தன. அவர் எழுந்து கை கழுவிவிட்டு வருவதற்குள் ஊர் என்னைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான் சாமியாடி ஆனது கருப்பர் கொடுத்த வரம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வேன். உள்ளபடிக்கு அது ஒரு கெடா கொடுத்த வரம்.

எனக்கு அடுத்து வரிசையில் நிற்பவன் என் சித்தப்பா மகன், பங்காளி. நல்லவன்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டுவதற்கு முன்னால் வீடு தேடி வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். நானும் சிரிப்பேன். அப்போது தலையைச் சாய்த்து என் வாய்க்குள் பார்ப்பான். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல் பார்ப்பானே, அதே பார்வை.

பார்க்கும்படியாக அங்கே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். காலையில் வேப்பங்குச்சி, அது கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல். அதற்கப்புறம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. சாயந்திரம் சுருட்டு. பல் கறுப்பாகி, கறுப்பின் மேல் காரை பிடித்து, எது பல், எது காரை என்று எனக்கே தெரியாது. உறுதியாக இருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

மருமகளுக்குத் திருமயம் பக்கம். என் மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணம் முடித்து இங்கே விட்டுவிட்டுப் போனான். அவள் வீட்டில் சும்மா இருக்கமாட்டேன் என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். வந்ததும் வாசலில் என் வீட்டுக்காரி நிற்பாள்.

"அங்கிட்டே நில்லு. கொல்லப்பக்கமாப் போயி குளிச்சுட்டு வா."

"கையுறை போட்டுத்தான் அத்தை செய்யிறோம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுறோம்."

"ஊர்ப்பட்ட எச்சியில கைய விட்டுட்டு வந்து சோத்துப் பானையத் தொடுவியா? குளிடீ."

"இன்னைக்கு ஒரு எச்சியும் இல்ல அத்தை. ஒருத்தரும் வரல."

அதுதான் அவளுக்கு வந்த கஷ்டம். அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் பல்லைப் பிடுங்க வருகிறவர்கள். வலி வந்தால் பிடுங்கு. வலி இல்லாத பல்லை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறது? சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று இவள் சொன்னால், "கழுவிக் கவுக்குறதுக்கு இது என்ன பாத்திரமாம்மா?" என்று கேட்பார்களாம். சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று இன்னொரு பேச்சு. காரைதான் பல்லைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை எடுத்தால் சுவர் விழுந்துவிடும் என்பது எங்கள் ஜனங்களின் கணக்கு. அதனால் இவளுக்கென்று இருந்த நாற்காலியில் டாக்டர் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டிருந்தார். இவள் டோக்கன் கொடுத்தாள், பஞ்சு உருட்டினாள், பல் அடைக்கிற சிமெண்ட் குழைத்தாள்.

அவளுடைய அப்பா திருமயத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து சேர்ந்துவிட வேண்டியது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, மின்விசிறிக்குக் கீழே, எச்சில் கிடையாது. என் மகனும் போனில் அதையே சொன்னான். என் வீட்டுக்காரி கேட்கவே வேண்டாம், கருப்பருக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மருமகளே சொன்னாள்.

"சேந்துர்றேன் மாமா. ஆனா ஒண்ணு. படிச்சு முடிச்சதுலேருந்து ஒரு வாய முழுசா எடுத்து, இது நான் பண்ணதுன்னு நின்னு பாத்ததே இல்ல. ஒரே ஒரு வாய் பண்ணிட்டு, அது ஒரு வேலைதானா, இல்ல சும்மாவான்னு பாத்துட்டு விட்டுர்றேன்."

"பண்ணேன் தாயி. யாரு வேணாங்குறா?"

"உங்க வாய்தான் மாமா."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். வைகாசி பிறக்கப் போகிறது. காரையை எடுத்து, பல் ஆடி, ஒன்று விழுந்து தொலைத்தால் பங்காளி சலங்கை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். அதைச் சொன்னேன். வாக்குப் போய்விடும் என்றேன். சாமி வாய் என்றேன். மாமனார் வாயை மருமகள் பார்ப்பது எந்த ஊர் மரியாதை என்றேன்.

அதுவரை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"ஆமா, பெரிய சாமி வாயி. கலியாணமான நாள்லேருந்து நான் ஏன் செவுத்தப் பாத்துப் படுக்குறேன்னு ஒரு நாளு கேட்டிருக்கீங்களா?"

"கோவம்னு நெனச்சேன்."

"அத்தன வருசமாவா ஒருத்தி கோவமா இருப்பா? நாத்தம்! சுருட்டு நாத்தமும் பொகையில நாத்தமும்! சாமிக்கு வேற எடம் கெடைக்கலன்னு வந்து எறங்குது. மனுசிக்கு அப்புடி என்ன தலையெழுத்து?"

மருமகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நான் கை கழுவிவிட்டு எழுந்து போனேன். மனைவி மேல் கோபம் வரவில்லை. கருப்பர் மேல்தான் வந்தது. இத்தனை வருடம் எனக்குள்ளேயே வந்து போகிறவர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் நானும் ஏறினேன். மருமகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கண்டக்டர் என் பக்கம் கையை நீட்டியபோது, "சாமியாடிக்கும் ஃப்ரீ ஆக்கச் சொல்லுங்கய்யா" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கிழித்துக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெல்மெட்டை எடுத்தார். என்னைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் மருமகள் வேறு ஆளாகிவிட்டாள். வீட்டில் என் முன்னால் உட்காரமாட்டாள், குரல் உயர்த்தமாட்டாள். இங்கே தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணினாள்.

"வாயத் தொறங்க. இன்னும். நாக்க உள்ள இழுங்க. ஒங்க நாக்கு ஏன் எல்லாத்தையும் வந்து வந்து பாக்குது? அதுக்கு என்ன வேல இங்க?"

ஒரு மிஷின். முனையில் ஊசி போல் ஒன்று, அதிலிருந்து தண்ணீர் சீறும். பல்லில் வைத்தால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு குழாய் வாய்த் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் காரை உடைய ஆரம்பித்தது. பழைய வீட்டுச் சுவரில் பாரை வைத்தது போல் சில்லு சில்லாக வந்தது. கறுப்பு, பழுப்பு, ஒன்று பச்சையாகக்கூட இருந்தது. அவள் அதைத் தட்டில் போட்டுக் காட்டினாள்.

"பாருங்க மாமா, இந்தா இது ஈறுக்குள்ள எம்புட்டு ஆழத்துல இருந்துச்சு தெரியுமா?"

புதையல் எடுத்தவள் கூட அப்படிச் சந்தோஷப்படமாட்டாள். ஏதோ முனகிக்கொண்டே செய்தாள். பாட்டுதான் போல. டாக்டர் உள்ளேயிருந்து, "அந்த எக்ஸ்ரேயக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா" என்றார். "இருங்க சார், கையில ஒரு வாய் இருக்கு" என்றாள். அவர் வந்து தானே எடுத்துக்கொண்டு போனார்.

கீழ் வரிசை ஒரு நாள், மேல் வரிசை இன்னொரு நாள். முடித்த அன்றைக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். உள்ளே யாரோ வேறு ஆள் இருந்தான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சந்து. வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிகிறது. நாக்கால் தொட்டேன், ஒரு முன்பல் ஆடியது. "என்ன தாயி இது" என்று கேட்க வாயைத் திறந்தால், சந்து வழியாகக் காற்று ஓடி, விசில் போல் ஒரு சத்தம் வந்தது.

"ஆடுதும்மா!"

"முன்னாடியும் ஆடிக்கிட்டுத்தான் மாமா இருந்துச்சு. காரை கெட்டியா அப்பியிருந்ததால ஒங்களுக்குத் தெரியல. ஈறு இப்ப சுருங்கிப் பல்லப் புடிக்கும். கொஞ்ச நாள் ஆகும்."

"திருவிழா வருதே. அதுக்குள்ள புடிக்குமா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "புடிக்கணும்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கும் பயம் இருக்கிறது. என் பல் விழுந்தால் எனக்குச் சலங்கை போகும். அவளுக்கு அந்த நாற்காலியே போகும். பல்லை ஆட்டிவிட்டவள் என்று ஜில்லா முழுக்கப் பேர் கெடும். அதற்கப்புறம் திருமயம் ஆபீசில் உட்கார்ந்து பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டே சாக வேண்டியதுதான்.

அன்றிலிருந்து காலையும் இரவும் உப்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள். மெல்லிய பிரஷ் வாங்கி வந்து, ஈறில் எப்படி வைத்துச் சுழற்ற வேண்டும் என்று அவளே நின்று பார்த்தாள். வெற்றிலைப் பெட்டியை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். சுருட்டுக்குத்தான் சண்டை.

"கருப்பர் கேட்டா என்னம்மா பண்றது?"

"செலை வாயில வச்சுக் கொடுங்க மாமா. அவருக்குப் பல்லு கல்லு. ஒங்களுக்கு வேணாம்."

சாமி காரியத்தில் இப்படிப் பேசலாமா என்று அதட்டப் பார்த்தேன். விசில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

காப்புக் கட்டுக்கு முன்னால் பங்காளி வந்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசினான். நான் சிரிக்கவில்லை. விடுவானா? பெரியப்பா எலும்பு கடித்த கதையையே எனக்குச் சொல்லிக் காட்டினான், நான் சிரித்துவிட்டேன்.

"அண்ணே! என்னண்ணே இது, வாயி ஒழுது போட்ட வயக்காடு மாதிரி இருக்கு?"

"சுத்தம் பண்ணுனேன்டா."

"மருமகப் புள்ளையா? ஐயையோ. ஆடுதாண்ணே?"

"நீ ஏன்டா அவ்வளவு ஆசையாக் கேக்குற?"

ஊருக்குள் பேச்சு ஓடிவிட்டது. சாமியாடி பல்லை மருமகள் சுரண்டிவிட்டாள், இந்த வருடம் கருப்பர் வருவதே சந்தேகம் என்று டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு. மருமகள் பஸ்ஸுக்கு நடந்து போனால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விலகினார்களாம், இவள் பார்வை பட்டாலே பல் கொட்டிவிடும் என்பது போல.

திருவிழா அன்றைக்கு நல்ல வெயில். பொங்கல் பானைப் புகை ஒரு பக்கம், உறுமிச் சத்தம் ஒரு பக்கம். இடுப்பில் சல்லடம் கட்டி, காலில் சலங்கை கட்டி, அரிவாளைக் கையில் கொடுத்தார்கள். பங்காளி எனக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தயாராகக் குளித்துவிட்டு வந்திருந்தான். மருமகள் கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கருப்பர் வருவதற்கு அறிகுறியே இல்லை. மனசெல்லாம் அந்த ஒற்றைப் பல்லில் இருந்தது. உறுமி அடித்து அடித்து ஓய்ந்துபோகிற நேரத்தில் பூசாரி எலுமிச்சம்பழத்தை நீட்டினார். சாமியாடி அதைக் கடித்துப் பிழிந்து துப்ப வேண்டும். அதுதான் சாமி வந்ததற்கு அடையாளம். ஆடுகிற பல்லால் கடிக்க முடியாது. கடைவாயில் வைத்து ஒரே கடி.

காரை எடுத்த பல்லில் எலுமிச்சம்பழச் சாறு பட்டிருக்கிறதா உங்களுக்கு? படவே வேண்டாம். உச்சந்தலையில் இடி இறங்கியது. வலித்த வலியில் ஆள் உயரத்துக்கு எகிறினேன். கீழே வந்து நிற்க முடியாமல் மறுபடி எகிறினேன். கோயிலைச் சுற்றி ஓடினேன். அரிவாளைச் சுழற்றினேன், கத்தினேன். அந்தக் கத்தல் சந்து வழியாகப் புகுந்து, காட்டுக்குள் சீழ்க்கை அடித்தது போல் வந்தது. உறுமிக்காரனுக்கு வெறி ஏறி அடித்தான். பெண்கள் குலவை போட்டார்கள். "உக்கிரமா எறங்கிட்டாருடா! சீழ்க்கை அடிச்சு வேட்டைக்குல்ல கெளம்பிட்டாரு!" என்று ஒரு கிழவர் கும்பிட்டு அழுதார். பங்காளி சாஷ்டாங்கமாக மண்ணில் விழுந்தான். எங்கேயோ அந்த ஓட்டத்தில் வலி நின்றுபோய், நிஜமாகவே அவரும் வந்து சேர்ந்துகொண்டார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பல் விழவில்லை.

அதற்கப்புறம் வாக்குக் கேட்கும் நேரம். எப்போதும் ஜனங்கள் ஒரு மாட்டுவண்டி நீளத்துக்குத் தள்ளித்தான் நிற்பார்கள். சாமி மேல் பயபக்தி என்று நான் நினைத்திருந்தேன். அங்கிருந்தே, "மாடு காணாமப் போச்சு சாமி", "போர்ல தண்ணி வருமா சாமி" என்று கத்துவார்கள். நானும் கத்திப் பதில் சொல்வேன். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி என்ன கேட்க முடியும்? மாட்டைத்தான் கேட்க முடியும்.

அன்றைக்கு ஒருத்தி முன்னால் வந்தாள். எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள்தான், நடுவயசு. வழக்கம்போலத் தள்ளி நின்று ஆரம்பித்தாள். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அவள் ஒரு அடி வந்தாள், இன்னொரு அடி வந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. என்னிடம் அதற்கு வாக்கும் இல்லை. கருப்பருக்கும் இருந்திருக்காது. கையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன், திருநீறு பூசினேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, நிமிர்ந்து போனாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் கிட்ட வந்தாள். பொழுது இறங்குகிற வரை காதில்தான் நடந்தது.

வீட்டுக்கு வந்து பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் கேட்டாள்.

"மாமா, அந்த அக்கா என்னமோ ரொம்ப நேரம் சொன்னாங்களே?"

"அது சாமிகிட்டச் சொன்னது. ஒனக்கு எதுக்கு?"

"என்னன்னு சொல்ல வேணாம் மாமா. கிட்ட வந்தாங்கள்ல?"

"வந்துச்சு."

"ம்."

பானையைக் கவிழ்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் போனை எடுத்தாள். அவளுடைய அப்பா பேசுவது அடுத்த தெருவுக்கே கேட்கும்.

"ஆபீசுல சொல்லி வச்சுட்டேன்மா, ஒண்ணாந்தேதி வந்துரு!"

"வரலப்பா."

"என்னது? ஊரான் வாயக் கழுவுறது ஒரு பொழப்பா? அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னு போன்ல சொல்ல வரலப்பா. நான் பல்லு வேலதான் பாக்கப் போறேன். நாளைக்கு பஸ்ஸுக்குப் போகணும், வச்சுர்றேன்."

வைத்துவிட்டாள். அடுக்களை வாசலில் என் வீட்டுக்காரி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இப்போது வெடிக்கும் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டேன், தப்பித்து ஓடுவதற்கு.

"ஏன்டீ" என்றாள் மருமகளிடம். "அந்த மிஷினு ரொம்ப வலிக்குமா?"

"கூசும் அத்தை. வலிக்காது."

"இவரு அந்தக் குதி குதிச்சாரே?"

"அது கருப்பர் அத்தை."

என் வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்கு நானும் வாரேன். கூட்டமில்லாத நேரமாப் பாத்து உக்கார வைய்யி. எவனும் எட்டிப் பாக்கக் கூடாது."